லீவில் போட்ட டெஸ்ட்

எங்கள் ஆபீஸில் மனிதர்களுக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. டெஸ்ட்டுகளுக்கு மட்டும் கேட்ட உடனே கிடைக்கும்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் பதினோரு வருஷமாக நான் பார்க்கிற வேலைக்கு பில்ட் என்ஜினியர் என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சொந்தமா வீடு கட்டிடுவீங்க" என்று சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாய் வராதது என் பிறவிக் குணம்.

நாங்கள் செய்வது ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருள். தாம்பரம், பம்மல் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கிறதே, கண்ணாடிக் கதவும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியுமாக, அங்கெல்லாம் ஓடுவது. அது ஒரே புரோகிராம் இல்லை, நாலு பிராஜெக்ட். வருகிறவர் பெயரைப் பதிவது ஒன்று, ரிப்போர்ட் அடிப்பது ஒன்று, அதைப் போனுக்கு அனுப்புவது ஒன்று. இந்த மூன்றுக்கும் பொதுவான சாமான்களை வைத்திருக்கிற நாலாவதை 'காமன்' என்போம். யாராவது எங்காவது ஒரு வரியை மாற்றினால் போதும், என் பொறுப்பில் இருக்கிற மெஷின் தானாகவே நாலையும் வரிசையாக ஓடுகிற நிலைக்குக் கட்டும், அதுதான் பில்ட். கட்டி முடித்ததும் டெஸ்ட்டுகள் ஓடும். ஆள் இல்லாமலே ஸ்க்ரீன் திறக்கும், பெயர் டைப் ஆகும், பொய் நோயாளிக்குப் பொய் ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் சுவரில் மாட்டிய டிவியில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு இருக்கிற அன்றைக்கு எதையும் வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது.

அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தவறுகிற டெஸ்ட்டின் தலையில் ஒரு வரி எழுதிவிட்டால் மெஷின் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். ஊர் உலகமெல்லாம் இதை 'ஸ்கிப்' என்கிறது. எங்கள் மாடியில் மட்டும் லீவு. "அதுக்கு லீவு குடுத்துடு மச்சான்" என்றால் முடிந்தது கதை. அந்த வரியில் காரணம் எழுத ஓர் இடம், பொறுப்பாளர் பெயர் எழுத ஓர் இடம். பொறுப்பாளர் இடத்தில் டெஸ்ட்டை எழுதியவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். லீவு லெட்டரை யார் எழுதிக் கொடுத்தால் என்ன, லீவில் போகிறவர் பெயர்தானே அதில் இருக்கும் என்று ஒரு நியாயம். சிரித்துக்கொண்டேதான் செய்வோம். அப்படி லீவில் போன டெஸ்ட் எதுவும் வேலைக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது ஓர் அக்காவைப் பற்றி. கூடப் பிறந்தவர் இல்லை. ஆபீஸில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம்தான், ஆனால் ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என்னால் முடியவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீடு, மேற்கில் என் வீடு. காலையில் வண்டலூர் வழியாகப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஒரே நிறுத்தத்தில் ஏறுவோம். முன்னால் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர். பிறகு எங்களிடம் டெஸ்டராக வந்து, பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஸ்க்ரீனையும் கையால் திறந்து, கண்ணால் பார்த்து, தப்பைத் தப்பென்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவருக்கு வேலை போய் வீட்டில் இருந்தார். மகள் காலேஜில் மூன்றாம் வருஷம். சம்பளம் என்று வீட்டுக்கு வருவது இவருடையது ஒன்றுதான்.

போன வருஷம் மேனேஜர் ஒரு மீட்டிங் போட்டு, இனிமேல் கையால் டெஸ்ட் செய்கிறவர்கள் தேவையில்லை, பில்ட்டில் தானாக ஓடுகிற டெஸ்ட்டுகளை எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். எழுதினால் மட்டும் போதாது, மதிப்பீட்டு வாரத்தில் அவரவர் டெஸ்ட் பச்சையாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டு, "இதை ஒரு ஆப்பர்ச்சுனிட்டியா பாருங்க" என்றார். ஆப்பர்ச்சுனிட்டியாம்! எனக்கு வந்த கடுப்பில் டேபிளைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. டீ ஆறிப்போகிறதே என்று குடித்தேன்.

அக்கா பயந்து மூலையில் உட்காரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைப் பிடித்து, லேப்டாப்பை மடியில் வைத்து, மாம்பாக்கத்து மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கியே கற்றுக்கொண்டார். "தம்பி, இந்த அடைப்புக்குறி எதுக்கு? இத எடுத்தா என்ன ஆவும்?" என்று ஒன்று விடாமல் கேட்பார். நானும் சொல்லிக் கொடுத்தேன். எட்டு வாரத்தில் அவர் தானே யோசித்து, தானே எழுதிய முதல் டெஸ்ட் ஓடியது. அதைப் பற்றித்தான் இவ்வளவும்.

அந்த டெஸ்ட்டில் இரண்டு பெண்கள். ஒரே பெயர், ஒரே வயது, ஒரே போன் நம்பர். வித்தியாசம் இனிஷியல் மட்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்து, அவளுடையது அவளுக்கும் இவளுடையது இவளுக்கும் போகிறதா என்று பார்க்கும். எங்கள் மாடியில் இதைப் படித்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். "இப்படி யாருக்கா இருப்பாங்க உலகத்துல?"

"எங்க சர்ச் மெடிக்கல் கேம்புக்கு வந்து பாருங்க" என்றார் அக்கா. "ஒரே பேர்ல நாங்களே நாலு பேர் இருக்கோம். போன் நம்பர் கேட்டா எல்லாருக்கும் கேம்ப் நடத்துறவரு நம்பரத்தான் எழுதுவாங்க. இனிஷியல் ஒண்ணுதான் எங்களப் பிரிச்சுக் காட்டுது. எனக்கே கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. சர்ட்டிஃபிகேட்ல அப்பா எழுத்து, ஆதார்ல வீட்டுக்காரர் எழுத்து. அந்த ஒரு எழுத்தால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

டெஸ்ட் பச்சையாகப் போனது. இரண்டு வாரம் பச்சை. மூன்றாவது வாரம் ஒருநாள் சிவப்பு. திரும்ப ஓட்டினேன், சிவப்பு. மறுநாள் காலையில் தானாகப் பச்சை. அதற்கு மறுநாள் சிவப்பு. யாரும் அந்த டெஸ்ட்டைத் தொடவில்லை. "உங்க டெஸ்ட்டுக்கு மூடு சரியில்ல போலிருக்கேக்கா" என்று கேலி கிளம்பியது. டிவியில் சிவப்பு வந்தாலே ஒருவன் நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்ப்பான். எழுதத் தெரியாமல் எழுதியது என்று காதுபடவே பேசினார்கள். நான் பேசவில்லை. ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. "டெஸ்ட் கரெக்ட்டாதாம்ப்பா சொல்லுது. ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடுது. இன்னொரு தடவ பாரேன்" என்று பஸ்ஸில் தினமும் கேட்டார். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்ட நாளும் உண்டு.

பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். காமன் பிராஜெக்டில் பெயர்களைச் சுத்தம் செய்கிற ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பதிவு செய்கிறவர்கள் பெயரோடு புள்ளியும் இடைவெளியும் தாறுமாறாக அடிக்கிறார்கள், தேடினால் கிடைப்பதில்லை என்று ஒரு புகார். அதற்காகப் புள்ளிகளையும், தனியாக நிற்கிற ஒற்றை எழுத்துகளையும் குப்பை என்று கூட்டித் தள்ளுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஒற்றை எழுத்து குப்பையாம்! எழுதியவன் வெளி மாநிலத்துக்காரனும் இல்லை, இந்த ஊர்ப் பையன்தான், அவன் ஐடி கார்டிலேயே இனிஷியல் இருக்கிறது. அதைச் சரிபார்த்து ஓகே சொன்னவன் நான். எனக்கும் அப்பாவின் எழுத்து ஒன்று பெயருக்கு முன்னால் நிற்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அதைப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அந்த நேரத்தில் அது கண்ணில் படவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாங்கள் யாரும் இந்த ஊர்க்காரர்களாக இருப்பதில்லை.

அப்படியானால் தினமும் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும், நடுநடுவே ஏன் பச்சை? அதற்கும் காரணம் நானே. நாலு பிராஜெக்டையும் ஒவ்வொரு தடவையும் கட்டினால் நேரமாகிறது என்று, காமன் மாறாத நாட்களில் எடுத்துவைத்த பழைய காமனையே போட்டு ஓட்டும்படி நான்தான் அமைத்திருந்தேன். பழையது எது என்பதில் ஒரு பிசகு. பிரிட்ஜில் போன வாரத்து மாவும் நேற்றைய மாவும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்தால் கைக்கு வந்ததைத்தானே எடுப்போம், அந்த மாதிரி மெஷின் சில நாள் மிகப் பழையதை எடுத்தது, சில நாள் புதியதை எடுத்தது. மிகப் பழையதில் இனிஷியல் தப்பித்தது, அதனால் பச்சை. புதியதில் போனது, அதனால் சிவப்பு. அந்த டெஸ்ட் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. எங்களில் உண்மை சொன்னது அது ஒன்றுதான்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மதிப்பீட்டு வாரம் வந்துவிட்டது, டிவியில் அக்கா பெயருக்கு நேராகச் சிவப்பு இருக்கிறது, மேனேஜர் அதை இரண்டு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனார் என்பது மட்டும். அக்கா வேலை போய்விடும் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அது நிஜமான பதைப்பு. புதன்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், பில்ட் மெஷினின் பொது லாகினில் போய் அந்த டெஸ்ட்டுக்கு லீவு போட்டேன். அந்த லாகினை நாலைந்து பேர் பயன்படுத்துவோம். கற்றுக்கொள்கிற நாளில் அக்காவுக்கும் நானேதான் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'பிறகு பார்க்க' என்ற பொருளில் எதையோ அடித்தேன். பொறுப்பாளர் இடத்தில், வழக்கம்போல, அக்காவின் பெயர். அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது டிவி முழுக்கப் பச்சை. கீழே பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில், 'தாண்டப்பட்டது 1' என்று இருக்கும். கண்ணாடி போட்டாலும் அது தெரியாது. மறுநாள் பஸ்ஸில் ஏறிய உடனே அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். அச்சு முறுக்கு. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா தம்பி? நான் சொன்னேன்ல? கடைசில அந்தத் தப்பக் கண்டுபிடிச்சு யாரோ சரி பண்ணிட்டாங்க. பச்சையாயிடுச்சு பாரு!"

இல்லைக்கா, யாரும் சரி பண்ணவில்லை, நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டேன் என்று சொல்ல அந்த இடம்தான் சரியான இடம். பஸ் வண்டலூர் திரும்புகிறவரை நேரமும் இருந்தது. நான் முறுக்கை எடுத்துக் கடித்தேன். "நல்லா இருக்குக்கா, வீட்டுல செஞ்சதா?" என்று கேட்டேன். ச்சே, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

மதிப்பீட்டில் அக்கா தேறிவிட்டார். மகளுக்குக் கடைசி வருஷம் முடிகிறவரை கவலையில்லை என்று சொல்லிக்கொண்டார். மென்பொருளின் புதிய வெளியீடும் வாடிக்கையாளர்களுக்குப் போனது. அவரவர் வேலையைப் பார்த்தோம்.

மூன்று வாரம் கழித்து பம்மலில் ஒரு பரிசோதனை நிலையத்திலிருந்து புகார். மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நிலையத்துக்காரர் பேசுவதற்குள் ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும், பட்டறையிலிருந்து நேராக வந்த மாதிரி கையெல்லாம் கிரீஸ்.

"இன்னா சார், நீங்கதான் அந்த கம்ப்யூட்டர்காரங்களா? எங்கம்மா ரிப்போட்ட வேற யாருக்கோ அனுப்பிக்கினு, வேற யாருதையோ எங்கம்மாவுக்கு அனுப்பிக்கீறீங்க. சுகர் நார்மல்னு போட்டுக்கீது. அத நம்பி மாத்திரைய நிறுத்திக்கினு பஸ் ஸ்டாண்டுல மயங்கி வுழுந்துச்சு சார் எங்கம்மா. அஞ்சு நாளு ஐசியூ-ல கெடந்துச்சு. அதே பேரு, அதே வயசாம், கேம்ப்ல எடுத்ததாம். பேரு ஒண்ணா இருந்தா? இனிஷியல்னு ஒண்ணு கீதுல்ல? அதப் பாக்க மாட்டீங்களா? படிச்சவங்கதான நீங்க?"

மேனேஜர் இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தார். பட்டறைக்காரருக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இரண்டு பெண்கள், ஒரே பெயர், ஒரே வயது, ஒரே போன் நம்பர். அக்கா உட்கார்ந்து எழுதிய டெஸ்ட், எழுத்துக்கு எழுத்து அதே. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், கண் பார்வைதான் ஒரு பக்கம் மங்கிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பிழைத்துக்கொண்டார் என்பதை வைத்து என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடிவதில்லை.

மறுநாள் காலையில் கண்ணாடி அறையில் மீட்டிங். மேனேஜர், ஹெச்ஆரிலிருந்து ஒருவர், அக்கா, நான். அதற்குள் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தேன். காமன், மாவு டப்பா, எல்லாம். மேனேஜர் பெரிய ஸ்க்ரீனில் டெஸ்ட்டைத் திறந்து காட்டினார். தலையில் லீவு வரி. பொறுப்பாளர்: அக்காவின் பெயர், அவர் வீட்டுக்காரர் இனிஷியலோடு.

"இந்த டெஸ்ட் ஓடியிருந்தா இந்தப் பிரச்சினையே வெளிய போயிருக்காது. கரெக்ட்டா அப்ரைசல் வாரத்துல லீவுல போட்டிருக்கீங்க. ஏன்?" என்று கேட்டார்.

அக்கா ஸ்க்ரீனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நான் போடல சார். இது சரியான டெஸ்ட்டுன்னு நான்தானே சொல்லிக்கிட்டிருந்தேன். நானே எப்படிப் போடுவேன்?"

"உங்க பேர் இருக்கே."

"இருக்கு சார். ஆனா நான் போடல."

"வேற யார் போட்டது? நீங்களே சொல்லுங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. உனக்குத் தெரியும், நீ சொல்லேன் என்று கேட்கிற பார்வை. மேனேஜரும் என்னைப் பார்த்து, "உங்க மெஷின்தானே, யாருன்னு தெரியுமா?" என்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா எனக்கு? மூன்றே வார்த்தை. நான்தான் சார் போட்டேன். அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் காமனுக்கு ஓகே சொன்னது யார், பழைய காமனைப் போட்டு ஓட்டச் சொன்னது யார் என்று ஒவ்வொன்றாக வரும் என்று எனக்குத் தெரிந்தது. பயம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை. பயம்தான்.

"பொது லாகின் சார். யாருன்னு சொல்ல முடியாது" என்றேன்.

ஹெச்ஆர் ஆள் தண்ணீர் பாட்டிலை அக்கா பக்கம் நகர்த்தினார். அன்றைக்குச் சாயங்காலமே தானாக விலகுவதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் கடைசியில். தாம்பரத்தில் இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாக மேம்பாலப் படியில் ஏறிப் போய்விட்டார். நான் மெஷினை ஒழுங்காக்கினேன், காமனைத் திருத்த வைத்தேன், எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். என்ன பிரயோஜனம்?

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காதபடி பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "தம்பி" என்று முதுகுக்குப் பின்னால் குரல். ஓடவா முடியும்?

அக்கா இளைத்திருந்தார். மகள் படிப்பை நிறுத்தவில்லை, மாலையில் குழந்தைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள் என்றார். அவர் பத்து இடத்தில் கேட்டுப் பார்த்தாராம். இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? இப்போதுதான் பெருங்களத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டு, டெஸ்ட் எழுதச் சொல்லி, பிடித்துப்போய், வேலை தருகிறோம் என்றிருக்கிறது.

"ஆனா பழைய இடத்துல விசாரிப்பாங்களாம்ப்பா. ஹெச்ஆர் என்ன எழுதுவாங்கன்னு தெரியும். அதனால கூட வேலை செஞ்சவங்க நம்பர் ஒண்ணு கேட்டாங்க. உன்னோடதக் குடுத்திருக்கேன்."

"சொல்லிடறேன்க்கா, நல்லபடியா சொல்லிடறேன்" என்று உளறினேன்.

"நல்லபடியாவெல்லாம் வேணாம்ப்பா. உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்" என்றார். சொல்லிவிட்டு என் பையில் இருந்த தக்காளியில் அழுகலாக இருந்த ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. விசாரிக்கிற ஏஜென்சியிலிருந்து ஒரு பெண். சின்னக் குரல். பெயர், எத்தனை வருஷம் தெரியும், வேலையில் எப்படி என்றெல்லாம் கேட்டாள். பிறகு, "வெளியீட்டு நேரத்துல ஒரு டெஸ்ட்ட அவங்க நிறுத்திவெச்சு தப்ப மறைச்சாங்கன்னு இங்க இருக்கு சார். அது பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

நான் மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "அவங்க செய்யலம்மா. நான் செஞ்சேன்" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. லீவு, பொது லாகின், மீட்டிங் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா போன்ல சொன்னத வெச்சு உங்க ஹெச்ஆர் எழுதினத என்னால மாத்த முடியாது. இதையே ரெண்டு வரி உங்க ஆபீஸ் மெயில்லேர்ந்து அனுப்பிடுங்க சார். திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்துட்டா சேத்துடுவேன். இல்லன்னா இந்த ஃபைல மூடிடுவாங்க."

"அனுப்பறேன்மா" என்றேன்.

ஆபீஸ் மெயிலில் போகிற ஒவ்வொன்றும் ஒரு நகல் உள்ளே தங்கும். யார் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் எழுதினேன். இரண்டே வரி. வெள்ளிக்கிழமை அதில் ஒரு வார்த்தையை மாற்றினேன். சனிக்கிழமை காலையில் அக்கா கூப்பிட்டார்.

"போன் வந்துச்சாப்பா?"

"வந்துச்சுக்கா."

"உள்ளதச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா." பொய்யில்லை அது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறார் என்று புரியச் சற்று நேரமானது. பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. நீயா சொல்லுவன்னுதான் உன்னப் பாத்தேன். போவட்டும். இப்பவாவது வாயத் தெறந்து சொன்னியே, நல்லா இருப்ப. பொண்ணுகிட்ட ட்யூஷன நிறுத்திக்கோன்னு சொல்லிட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை ஐந்து மணி என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். இன்று புதன். நான் அனுப்பவில்லை.